இரண்டாம் மாடி வயிறு, நான்காம் மாடி இதயம்

முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து, அதில் கடைசிப் பதினாறு வருடம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குடியிருப்பில் எல்லோருக்கும் 'எக்ஸ்சேஞ்ச் அம்மா'. முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் உண்டு. அவை என்னென்ன என்பதும் அவருக்குத் தெரியும். வேலையில் இருந்த காலத்தில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாற்பது பெண்களுக்குப் பின்னால் ரப்பர் செருப்பில் சத்தமில்லாமல் நடந்து, எவள் எவளோடு வம்பளக்கிறாள் என்று முதுகைப் பார்த்தே கண்டுபிடித்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு நாற்பது பெண்களுக்குப் பதிலாக ஒரு மகனும் ஒரு மருமகளும்தான் மிச்சம். ஆள் குறைந்ததற்காக அவர் வேலையைக் குறைத்துக்கொள்ளவில்லை.

மகன் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். பார்வையைச் சோதித்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிடும் கடை. மருமகள் பள்ளிக்கூடத்து நூலகத்தில் வேலை பார்த்தாள். மாமியாரும் மருமகளும் ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் மரியாதையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குரல் உயர்ந்ததே கிடையாது. "அத்தை, உங்க இஷ்டம்" என்று மருமகள் சொன்னால் அன்றைக்குப் பெரிய சண்டை என்று பொருள்.

எழுபத்து மூன்று வயதில் எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட், மனசு வந்தால் ஓடும். அதனால் படியில் ஏறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, அங்கே ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிப்பது போல் பாவனை செய்வார். தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிய அறிவிப்பு அது. தொட்டியைக் கழுவி இரண்டு வருடமாகிவிட்டது. அறிவிப்பு அவருக்குத் தேதியோடு மனப்பாடமாகிவிட்டது. யாராவது கடந்து போனால், "எப்படி எழுதியிருக்கான் பாருங்க, ஒரு வரியில நாலு தப்பு" என்பார். மூச்சு வாங்குகிறது என்று மட்டும் சொல்லமாட்டார்.

இன்னொன்றையும் அவர் சொல்லவில்லை. மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. தினமும் இல்லை. நான்கு நாள் போகும், பத்து நாள் சரியாக இருக்கும், மறுபடி போகும். சூப்பர்வைசராக இருந்த ஒரு மனுஷி இதையெல்லாம் போய் யாரிடம் பேசுவது? இரண்டு தடவை தண்ணீரை ஊற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, நிமிர்ந்த தலையோடு வெளியே வருவார். இப்படி நான்கு மாதம்.

"அம்மா, ரொம்ப வெளுத்துப் போயிருக்கியே" என்று ஒரு நாள் மகன் கேட்டான். கேட்டுவிட்டுப் பதிலையும் அவனே சொன்னான். "வயசாச்சுல்ல."

மருமகளுக்கு வேறு கணக்கு. துணி மடிக்கும் நேரத்தில் மட்டும் அத்தைக்குச் சரியாகக் களைப்பு வருகிறது என்று அவள் மனதுக்குள் குறித்துவைத்திருந்தாள்.

குட்டு வெளிப்பட்டது குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில். செயலாளரை நிற்கவைத்து எக்ஸ்சேஞ்ச் அம்மா கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். "லிஃப்ட் ரிப்பேருக்குப் போன வருஷமே எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தோம். அந்தக் காகிதம் இப்ப எந்த..." என்றவர் அப்படியே நாற்காலியோடு சாய்ந்தார். அந்த அம்மாள் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டது அதுவே முதல் தடவை. விஷயம் பெரியது என்று கூட்டத்துக்கே புரிந்துபோனது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள். பன்னிரண்டு இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் ஆறில் நின்றது. இரண்டாம் மாடியில் வயிற்று டாக்டரின் பிரிவில் சேர்த்தார்கள். அவர் வாய் வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்தார். மறுநாள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றை விட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார்.

"பாட்டி, குடல் கண்ணாடி மாதிரி இருக்கு. புண் இல்ல, கட்டி இல்ல. பீட்ரூட் சாப்பிட்டீங்களா?"

"எனக்குப் பேரப்பிள்ளை கிடையாது. பீட்ரூட்டும் பிடிக்காது" என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? வயித்துக்கு?"

"வயித்துக்கு ஒண்ணும் இல்ல."

இங்கே அவர் பேரிலும் தப்பு இருந்தது என்று சொல்லித்தான் ஆகவேண்டும். வயிற்றுக்கு அவர் எதுவும் சாப்பிடவில்லை, அது உண்மை. ஆனால் இதயத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எட்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு டாக்டர் நெஞ்சில் குழலை வைத்து, "சின்னதா ஒரு சத்தம் கேக்குது" என்று சொல்லி, இதே ஆஸ்பத்திரியின் நான்காம் மாடிக்கு அனுப்பியிருந்தார். அங்கே இருந்த இதய டாக்டர் வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து, "வால்வு கொஞ்சம் சுருங்கியிருக்கு. பார்த்துக்கலாம்" என்பார். அடுத்த வருடம், "இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கு. பார்த்துக்கலாம்." யார் பார்த்துக்கொள்வது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ரத்தம் கட்டிப்போகாமல் இருக்கத் தினமும் ஒரு சின்ன மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார். அது ரத்தம் கசிந்தால் நிற்கவிடாத மாத்திரையும்கூட. வயிற்று டாக்டர் வயிற்றைப் பற்றிக் கேட்டார், எக்ஸ்சேஞ்ச் அம்மா வயிற்றைப் பற்றிச் சொன்னார். கேட்டதற்கு மட்டும் பதில் என்பது அவர் முப்பத்தொரு வருடம் பிறருக்குக் கற்றுக்கொடுத்த ஒழுக்கம். அந்த ஒழுக்கம் அவரைக் கிட்டத்தட்டக் கொன்றுபோட்டது.

இரண்டு பை ரத்தம் ஏற்றி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "இந்த மாத்திரைக்கு மலம் கறுப்பா போகும். பயப்படாதீங்க" என்று டாக்டர் தைரியம் சொன்னார். அது நல்ல வசதியாகப் போயிற்று. உள்ளே கசிகிற ரத்தத்துக்கு இப்போது ஆஸ்பத்திரியே அனுமதிச் சீட்டு எழுதிக்கொடுத்துவிட்டது. எவ்வளவு கறுப்பாகப் போனாலும் மாத்திரை பேரில் பழி.

எட்டு வாரத்தில் ஹீமோகுளோபின் மறுபடி ஏழுக்கு இறங்கியது. இந்தத் தடவை மூச்சும் கூடவே வாங்கியதால் மகன் நேரே நான்காம் மாடிக்குக் கூட்டிப்போனான். இதய டாக்டர் ரத்தச் சோதனையை மட்டும் பார்த்தார்.

"உடம்புல ரத்தமே இல்லன்னா மூச்சு வாங்கத்தானே செய்யும்? ரத்தம் எங்கேயோ போகுது. அது வயிறு. ரெண்டாம் மாடி."

இரண்டாம் மாடியில் வயிற்று டாக்டர் போன தடவை எடுத்த படங்களைக் காட்டினார். "நான்தான் ரெண்டு பக்கமும் பார்த்துட்டேனே. ஒரு சொட்டு இல்ல. மூச்சு வாங்குதுன்னா இதயம். நாலாம் மாடி."

ஆஸ்பத்திரி லிஃப்ட் நன்றாக ஓடியது. அதனால் இந்தப் போக்குவரத்து பல மாதம் தடையில்லாமல் நடந்தது.

மூன்றாவது தடவை ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்த வாரம், காலையில் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்த மாமியாரை மருமகள் வழிமறித்தாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. இது எத்தனை மாசமா?"

"எது?"

"நேத்து நீங்க சரியா தண்ணி ஊத்தல."

எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் முகம் சிவக்கவேண்டும். சிவப்பதற்கு உள்ளே ரத்தம் போதவில்லை. "நீ வயசுல சின்னவ. இதெல்லாம் நீ பார்க்கக் கூடாது" என்றார்.

"நான் பார்க்காம யார் பார்க்கிறது? உங்க பையனா? கடைக்கு வர்றவங்க கண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்பார். வீட்டுல என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது. எத்தனை மாசம்?"

"மாத்திரைக்கு முன்னாடியே நாலு மாசம்."

"துணி மடிக்கச் சொல்லி உங்களை நான்..." என்று ஆரம்பித்த மருமகள் நிறுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் ஒரு கோப்பு போட்டாள். நூலகக்காரி அல்லவா? சீட்டு, ஸ்கேன், ரத்தச் சோதனை எல்லாவற்றையும் தேதி வாரியாகக் கோத்து, வெளியே தாள் ஒட்டிப் பட்டியல் எழுதினாள். அதைக் கொண்டுபோய் வயிற்று டாக்டரிடம் நீட்டியபோது அவர், "அடேங்கப்பா, ரொம்ப நீட்டா இருக்கே" என்று அட்டையைத் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். திறக்கவில்லை.

ஆனால் நான்கு மாதக் கதையைக் கேட்டதும் அவர் ஒரு வேலை செய்தார். விழுங்கும் கேமரா ஒன்றைக் கொடுத்தார். மாத்திரை அளவு இருக்கும், குடல் முழுக்கப் படம் பிடித்துக்கொண்டே போகும். குழாய்கள் எட்டாத சிறுகுடலின் நடுப்பகுதியில், சிலந்தி கால் பரப்பியது போல் சிவப்புப் புள்ளிகள் அதில் தெரிந்தன. வயதான காலத்தில் குடலின் மெல்லிய ரத்தக் குழாய்கள் இப்படிப் புடைத்துக்கொள்வது உண்டு. நீளமான குழாய் ஒன்றை உள்ளே விட்டு மூன்று புள்ளிகளைச் சுட்டுப் பொசுக்கினார். "கண்டுபிடிச்சாச்சு, முடிச்சாச்சு" என்று கையைக் கழுவினார். ஐந்து வாரத்தில் நான்காவது புள்ளி தன் வேலையைத் தொடங்கியது. ஹீமோகுளோபின் மறுபடி ஏழு.

ஆறாவது தடவை ரத்தம் ஏற்றப் போனபோதுதான் அந்த நர்ஸ் வாயைத் திறந்தாள். ரத்தம் ஏற்றும் வார்டில் இருபத்திரண்டு வருடமாக இருப்பவள். பெரிய கை, சின்ன ஊசி. வலிக்காமல் குத்துவாள். பையைத் தொங்கவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, உங்களுக்கு இதய வால்வு சுருங்கியிருக்கா?"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. இந்த நாற்காலியில மறுபடி மறுபடி வந்து உட்கார்ற வயசானவங்கள்ல நாலஞ்சு பேருக்கு அப்படித்தான் இருந்துச்சு. வயித்துல ஒண்ணும் இல்லம்பாங்க, ரத்தம் மட்டும் போய்க்கிட்டே இருக்கும். அதுல ஒரு பெரியவர் வால்வை மாத்திக்கிட்டார். அதுக்கப்புறம் இந்தப் பக்கமே காணோம். போய்ச் சேர்ந்துட்டார் போலன்னு நெனச்சேன். போன மாசம் மார்க்கெட்ல பார்க்கிறேன், இவ்ளோ பெரிய தர்பூசணியைத் தோள்ல வச்சுக்கிட்டுப் போறார்."

"இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. 'சிஸ்டர், நீங்க ஊசி ரொம்ப நல்லாப் போடுறீங்க'ன்னு பாராட்டினார்."

எக்ஸ்சேஞ்ச் அம்மா கண்ணை மூடி ஐந்து நிமிடம் யோசித்தார். எட்டு வருடமாக நான்காம் மாடி. ஒரு வருடமாக இரண்டாம் மாடி. இரண்டுக்கும் நடுவில் மேலும் கீழும் போய்வந்தது யார்? அவருடைய உடம்பு மட்டும்தான். ஒரு டாக்டரிடமிருந்து இன்னொருவருக்கு ஒரு வார்த்தை போகவில்லை. தன் நிலையத்தில் எவளாவது இப்படி இரண்டு லைன்களை ஒரு வருடம் தொங்கவிட்டிருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்.

நேரம் காலை பதினொன்றரை. நாற்காலியோரத்தில் ஆஸ்பத்திரியின் உள்லைன் போன் இருந்தது. ஊசி குத்தாத கையால் எடுத்தார். எதிர்முனையில் ஆஸ்பத்திரியின் ஆபரேட்டர் பெண் கொட்டாவியோடு "ஹலோ" என்றாள்.

"கொட்டாவி விட்டுக்கிட்டு ஹலோ சொல்லக் கூடாது" என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா. அந்தக் குரலைக் கேட்டதும் அந்தப் பெண் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள் என்பது நிச்சயம். "ரெண்டாம் மாடி வயிற்று டாக்டரைக் கூப்பிட்டு லைன்ல நிறுத்து. நாலாம் மாடி இதய டாக்டரையும் சேர். என் லைனைத் துண்டிக்காதே."

"மேடம், நீங்க யாரு?"

"சூப்பர்வைசர்."

இரண்டு நிமிடத்தில் இணைப்பு வந்தது.

"சொல்லுங்க டாக்டர்" என்றார் வயிற்று டாக்டர்.

"நீங்க சொல்லுங்க" என்றார் இதய டாக்டர்.

"நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"நான் எதுக்கு உங்களைக் கூப்பிடறேன்?"

இந்தக் கடைசிக் கேள்வியில் பழைய கசப்பு இருந்தது. கார் நிறுத்தும் இடம் ஒன்றை வைத்து இருவரும் ஏழு வருடத்துக்கு முன்னால் வாய்ச்சண்டை போட்டவர்கள் என்றும், அன்றிலிருந்து எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் என்றும் நர்ஸ் பிறகு சொன்னாள்.

"ரெண்டு பேரும் கூப்பிடல. நான்தான் கூப்பிட்டேன்" என்று நடுவில் புகுந்தார் எக்ஸ்சேஞ்ச் அம்மா. "ரத்தம் ஏத்துற வார்டுல இருந்து பேசறேன். ரெண்டாம் மாடி டாக்டர், என் இதய வால்வு சுருங்கியிருக்கு, எட்டு வருஷமா. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை வேற சாப்பிடறேன். இதை நான் உங்ககிட்ட சொல்லல, அது என் தப்பு. நாலாம் மாடி டாக்டர், எனக்குக் குடல்ல ரத்தக் கசிவு, ஒரு வருஷமா. ஆறு தடவை ரத்தம் ஏத்தியாச்சு. இது ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா? பேசி முடிச்சுட்டு வையுங்க. அதுவரைக்கும் நான் லைன்லதான் இருப்பேன்."



"வால்வு எவ்வளவு சுருக்கம்?" என்றது வயிற்றுக் குரல், கொஞ்சம் இறங்கி.

"போன தடவையே மோசம்தான். கசிவு புள்ளியிலேர்ந்தா?" என்றது இதயக் குரல், அதைவிட இறங்கி.

"புள்ளிதான். சுடச் சுடப் புதுசா வருது... இது அதுவா இருக்குமோ?"

"படிச்ச ஞாபகம் இருக்கு."

"எனக்கும். பரீட்சைக்கு."

அவர்கள் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டு மறந்துபோன சங்கதி இதுதான். காயம் பட்ட இடத்தில் ரத்தத்தை நிறுத்த, ரத்தத்திலேயே நீளமான இழை மாதிரி ஒரு புரதம் ஓடிக்கொண்டிருக்கும். வால்வு சுருங்கிப்போனால் ரத்தம் அந்த இடுக்கு வழியே பீறிட்டுப் பாயும். அந்த வேகத்தில் இழைகள் அறுபட்டுத் துண்டாகும். துண்டு இழையால் கசிவை அடைக்க முடியாது. ஆக, ஓட்டை இருப்பது குடலில், அதை அடைக்கிற இழை கெட்டுப்போவது இதயத்தில். வால்வைச் சரிசெய்யாமல் குடலை எத்தனை தடவை சுட்டாலும் கதை முடியாது.

வால்வை மாற்றுவது என்று முடிவாயிற்று. நெஞ்சைத் திறக்கவேண்டாம், தொடை வழியாக ரத்தக் குழாயில் புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்திவிடலாம் என்றார்கள். அதற்கு முந்தைய நாள் மாலை, அறைக்கு வெளியே நடைபாதையில் மகனும் மருமகளும் பேசிக்கொண்டது உள்ளே கேட்டது. அடுத்தவர் பேசுவதைக் கேட்டே சம்பளம் வாங்கியவரின் காது அது.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு இருக்கு" என்றான் மகன்.

"எழுபத்து நாலு வயசுல ஒருத்தர் உங்க கடைக்கு வந்தா, இந்த வயசுல பார்வை எதுக்குன்னு திருப்பி அனுப்பிடுவீங்களா?"

"அதுக்கில்ல. அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா... பயமா இருக்கு."

"அப்ப பயமா இருக்குன்னு சொல்லுங்க. வயசு மேல ஏன் பழி போடுறீங்க?"

எக்ஸ்சேஞ்ச் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒன்பது வருடத்தில் மருமகள் பேசியதில் திருத்த ஒன்றுமே இல்லாத பேச்சு அது. கேட்டதாக அவர் கடைசிவரை காட்டிக்கொள்ளவில்லை.

புது வால்வு பொருந்தியது. இரும்புச்சத்தை மாத்திரையாகத் தராமல் ஊசி வழியாக ஏற்றச் சொல்லி மருமகள் அடம்பிடித்தாள். இனிமேல் கறுப்பு என்றால் கறுப்புதான், மாத்திரையின் பின்னால் அது ஒளிந்துகொள்ளக் கூடாது என்பது அவள் கட்சி. புது வால்வுக்காகச் சின்ன மாத்திரையைக் கொஞ்ச காலம் தொடர்வதா வேண்டாமா என்று இரண்டு டாக்டர்களும் அவர் கட்டில் அருகிலேயே நின்று கால் மணி நேரம் வாதாடினார்கள். அவருக்கு அது காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் பதினொன்றரை. கறுப்பு நின்றுபோனது. ரத்தம் ஏறியதோடு குரலும் ஏறிவிட்டது என்று குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள். சங்கச் செயலாளர் உடல்நிலையைக் காரணம் காட்டிப் பதவி விலகினார்.

அடுத்த வருடம் ஒரு பெரிய ஓட்டலில் டாக்டர்கள் மாநாடு. வயிற்று டாக்டரும் இதய டாக்டரும் சேர்ந்து இந்தக் கதையைச் சொல்லப்போவதாகவும், 'பாட்டி' வந்தால் நன்றாயிருக்கும் என்றும் அழைப்பு வந்தது. மருமகள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். தன்னோடு வரச் சொல்லி எக்ஸ்சேஞ்ச் அம்மா நர்ஸையும் கூப்பிட்டிருந்தார். வார்டில் ஆள் இல்லை என்று அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

மேடையில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று இருவருக்கும் தகராறு என்பது திரையிலேயே தெரிந்தது. முதல் படத்தில் வயிறு முதலில், கடைசிப் படத்தில் இதயம் முதலில். நடுவில் 'எழுபத்து நான்கு வயதுப் பெண்மணி' என்று ஒரு வரி. "கூர்ந்து கவனித்ததில் எங்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது" என்றார் ஒருவர். "இரு துறைகளும் இடைவிடாமல் கலந்து பேசியதன் பலன்" என்றார் மற்றவர். கைதட்டல் அடங்கியதும் எக்ஸ்சேஞ்ச் அம்மா மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றார். ஒலிபெருக்கி அவருக்குத் தேவைப்படவில்லை.

"ரத்தம் ஏத்துற வார்டுல ஒரு நர்ஸ் இருக்காங்க. சந்தேகம் எழுந்தது அவங்களுக்கு. அவங்க பேர் எந்தப் படத்துல வருது?"

மேடையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நல்ல கேள்வி" என்றார் வயிற்று டாக்டர். "நேரம் குறைவா இருக்கு" என்றார் இதய டாக்டர். எந்த விஷயத்திலும் அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். வாசலில் நின்றவன் மாமியாரையும் மருமகளையும் நிறுத்தினான். கழுத்தில் அட்டை தொங்குகிறவர்களுக்கு மட்டும்தான் சாப்பாடாம். மருமகள் அவனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். இருவரும் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் பையிலிருந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"வயிறு உங்களோடது, வால்வு உங்களோடது. சாப்பாடு மட்டும் அவங்களோடது" என்றாள்.

எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோட்டக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்ததும், ரொட்டி கொஞ்சம் காய்ந்திருக்கிறது என்று மருமகளிடம் குறை சொன்னார்.

"உங்க இஷ்டம் அத்தை" என்றாள் அவள், பெரிய துண்டை அவர் பக்கம் நகர்த்தியபடி.